கைக்கு எட்டிய பாடம்

சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் தத்துவம் எடுத்ததற்குக் காரணம் ஒரு கட்டுப் புத்தகம். வேலூர் ஊரிஸ் கல்லூரியில், பி.ஏ.வுக்கு முந்தைய படிப்பான எஃப்.ஏ. படித்துவிட்டு பி.ஏ.வுக்குச் சென்னை கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தவர் அவர். அதே கல்லூரியில் படிப்பை முடித்த உறவினர் ஒருவர் தம் தத்துவப் புத்தகங்களை அவருக்குக் கொடுத்தார். வேறு பாடம் எடுத்தால் புத்தகம் வாங்கவேண்டும். வீட்டில் அதற்கு வசதி இல்லை. 1908-இல் வேதாந்தத்தின் அறநெறி பற்றி எம்.ஏ. ஆய்வுரை எழுதும் அளவுக்கு அந்தப் பாடம் அவரைப் பிடித்துக்கொண்டது.

இதைத் தற்செயல் என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேலூர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் வரலாறு நடத்தி, ஜூன் மாதங்களில் சேர்க்கை மேசையில் உட்கார்ந்தவன் நான். எட்டுகிற தூரத்தில் இருப்பதைத்தான் பிள்ளைகள் எடுக்கிறார்கள். எதை எட்டச் செய்தோம் என்பதே இந்த வட்டாரத்தின் கல்வி வரலாறு.

அன்றைய எஃப்.ஏ. வகுப்பில் தேர்வு செய்ய அதிகம் இல்லை. ஆங்கிலம், கணிதம், உடலியல், கிரேக்க ரோமானிய வரலாறு, கூடவே சமஸ்கிருதம் போல ஒரு மொழி. எல்லாவற்றிலும் தேறினால்தான் மேலே போகலாம். கணிதமேதை ராமானுஜன் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1906-இலும் மறுவருடமும் எஃப்.ஏ. எழுதித் தோற்றது இந்த முறையில்தான்; உடலியல் அவர் காலை வாரியது. ஒன்றில் மேதையாக இருந்தாலும் மற்றவை விடவில்லை. விருப்பப் பாடம் என்பது பி.ஏ.வில்தான் வரும். அந்த பி.ஏ. அன்றைய வேலூரில் இல்லை. ரயிலேறிச் சென்னை போய், தங்கிச் சாப்பிட வழியிருந்தவர்களுக்கே தத்துவமும் வரலாறும்.

இதை மாற்றியதில் தோலுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல் முதல் உலகப் போரின்போது ராணுவ பூட்ஸுக்காக இங்கிருந்து கப்பல் கப்பலாகப் போனது. போர் முடிந்த மறுவருடம், 1919-இல், வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி தொடங்கியது. தோல் வணிகர்கள் தோள் கொடுத்த கல்லூரி அது. 1965-இல் மேல்விஷாரத்தில் வந்த கல்லூரிக்கு சி.அப்துல் ஹக்கீம் பெயர். அவரும் தோல் வியாபாரிதான். 1969-இல் ஆம்பூரில் மஸ்ஹருல் உலூம். பெண்களுக்குக் காட்பாடியில் ஆக்ஸிலியம் 1954-லேயே இருந்தது. பாலாற்றை ஒட்டி பஸ் போகும் தூரத்தில் பட்டப்படிப்பு வந்துவிட்டது.

மொழிப்பாடத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். விண்ணப்பத்தில் 'பார்ட் ஒன்' என்று ஒரு கட்டம் இருக்கும். வேறு பல ஊர்களில் யோசிக்காமல் தமிழ் என்று எழுதிவிட்டுப் போவார்கள். ஆம்பூர், வாணியம்பாடி பிள்ளைகள் பேனாவை நிறுத்துவது அங்கேதான். வீட்டில் உருது, தெருவில் தமிழ், மதரஸாவில் அரபி. உருதுப் பள்ளியில் படித்த பிள்ளை உருதையே தொடரலாம் என்பது சின்ன விஷயமில்லை. முதல் வருடத்தில் கைவிடாமல் நிற்க அது ஒரு பிடிமானம். இந்தக் கட்டத்தில் தமிழோடு உருதும் அரபியும் இடம்பெற்றதை ஆம்பூர், வாணியம்பாடிக் கல்லூரிகளின் பெரிய காரியமாக நான் நினைக்கிறேன்.

மெயின் பாடத்தில்தான் வீடு குறுக்கே வரும். ஷூ கம்பெனியில் அப்பர் எனும் மேல்பகுதியைத் தைக்கும் ஓர் அம்மா மகளோடு வந்து, "ஹிஸ்டரி எடுத்தா கம்பெனில என்னா சார் வேலை குடுப்பாங்க? பி.காம். போட்டுடுங்க, கணக்கு எழுதுவா" என்றார். மகள் வாய் திறக்கவில்லை. பிளஸ் டூவில் வரலாற்றில்தான் அவளுக்கு அதிக மதிப்பெண். "எந்த டிகிரி முடிச்சாலும் கவர்மெண்ட் வேலைக்கு குரூப் டூ பரீட்சை எழுதலாம்மா. அதுக்குக் கேக்கற பாடத்துல பாதி இவ இங்கயே படிச்சிடுவா" என்றேன். அந்த அம்மா யோசித்துவிட்டு, "புஸ்தகம் எவ்ளோ ஆகும்?" என்று கேட்டார்.

சீனியர்களிடம் வாங்கித் துறையில் சேர்த்து வைத்திருந்த புத்தகங்கள் அலமாரியில் இருந்தன. முதல் செமஸ்டருக்கு வேண்டியதை எடுத்து அந்தப் பெண் கையில் கொடுத்தேன்.