சுகர் இருந்தால் இதயம் பாதிப்பது ஏன்? ரத்த நாளங்களுக்குள் நடப்பது என்ன?

"சுகர் இருக்கு, ஹார்ட்டையும் செக் பண்ணிக்கோங்க" என்று டாக்டர்கள் சொல்வது வழக்கம். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? பதில், நம் உடம்பில் உள்ள புரதங்களில் இருக்கிறது.

புரதத்தில் ஒட்டும் சர்க்கரை

ரத்தத்தில் குளுக்கோஸ் அதிகமானால், அது தானாகவே புரதங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். இதற்கு கிளைக்கேஷன் என்று பெயர். 'மூணு மாச சர்க்கரை டெஸ்ட்' எனப்படும் ஹெச்பிஏ1சி அளப்பதும் இதைத்தான். சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் புரதத்தில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று அது காட்டும். 5.7 சதவீதத்துக்கு கீழே இருந்தால் இயல்பு. 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய்.

ரத்த நாளம் விறைப்பது எப்படி?

சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள்தான். அது அழியும்போது ஒட்டிய சர்க்கரையும் போய்விடும். ஆனால் ரத்த நாளச் சுவரில் உள்ள கொலாஜன் புரதம் பல வருஷம் அப்படியே இருக்கும். அதில் ஒட்டிய சர்க்கரை நாளடைவில் வேதிமாற்றம் அடைந்து, பக்கத்து இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். ரப்பர் போல விரிந்து சுருங்க வேண்டிய நாளம் விறைத்துப்போகும். பிபியில் மேல் எண் ஏறும், இதயத்துக்கு வேலை கூடும்.

கெட்ட கொழுப்பான எல்டிஎல்லில் உள்ள புரதத்திலும் சர்க்கரை ஒட்டும். அப்படி மாறிய எல்டிஎல் நாளச் சுவரில் படிந்து அடைப்புக்கு வழி செய்யும்.

பிறகு சுகரை குறைத்தால் போதுமா?

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983-ல் தொடங்கிய டிசிசிடி ஆய்வில், டைப் 1 சர்க்கரை நோயாளிகள் 1,441 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு சுகரை இறுக்கமாகக் கட்டுப்படுத்தும் சிகிச்சை, மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை. 1993-ல் ஆய்வு முடிந்தது. சில ஆண்டுகளில் இரு பிரிவினரின் ஹெச்பிஏ1சி அளவும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டது. ஆனாலும் 2005-ல் வெளியான முடிவில், ஆரம்பத்திலேயே சுகரை கட்டுப்படுத்தியவர்களுக்கு இதய, ரத்த நாள பாதிப்புகள் 42 சதவீதம் குறைவாக இருந்தன. புரதங்களில் நீண்டகாலம் தங்கிவிட்ட சர்க்கரை இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

என்ன செய்யணும்?

கொலாஜனில் விழுந்த பிணைப்பைப் பிரிக்கும் மருந்து இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. அதனால் "உடம்புக்கு ஒண்ணும் தெரியலையே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடக் கூடாது. ஹெச்பிஏ1சியை வருஷத்துக்கு 2 முறையாவது பார்க்க வேண்டும். பிபி, கொலஸ்ட்ரால் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், புகையை விட வேண்டும். வயதானவர்களுக்கு சுகர் ரொம்ப இறங்குவதும் ஆபத்து என்பதால், யாருக்கு எந்த அளவு சரி என்பதை டாக்டரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.