வரி அதிகாரியின் பூட்டும் பர்பன் புட்டியும்

எட்டும் விலையில் வாங்கி, நல்ல நாளுக்கென்று எடுத்துவைக்கத் தக்க பர்பன் எது என்பது இன்று ரசனை சார்ந்த கேள்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில், புட்டிக்குள் இருப்பது விஸ்கிதானா என்பதே கேள்வி. மக்காச்சோளத்தை முதன்மையாகக் கொண்டு வடித்த இச்சரக்கு பீப்பாய்களில் வெளியேறி, இடைவணிகர் கையில் வெறும் சாராயத்தோடும் நிறமூட்டியோடும் கலந்து, முதிர்ந்த விஸ்கி என்ற பெயரில் விலைபோனது.

1897 மார்ச் 3 அன்று ‘பாட்டில்டு இன் பாண்ட்’ சட்டம் வந்தது. ஒரே வடிசாலை, ஒரே பருவம், அரசுக் காவலிலுள்ள கிடங்கில் குறைந்தது நான்கு ஆண்டு முதிர்ச்சி, 50 விழுக்காடு ஆல்கஹால்: இவை அதன் நிபந்தனைகள். அக்கிடங்குகள் தரம் காக்க எழுந்தவை அல்ல. கலால் வரி செலுத்தப்படும்வரை சரக்கு நழுவாதிருக்க எழுந்தவை. வரி அதிகாரியின் பூட்டே தரச்சான்றாக மாறியது. சட்டத்துக்கு முன்னின்ற கென்டக்கி உற்பத்தியாளர் எட்மண்ட் ஹெய்ன்ஸ் டெய்லர் பொதுநலம் ஒன்றையே கருதினார் என்பது மிகை; கலப்பு வணிகர்கள் அவருடைய போட்டியாளர்கள். ஆயினும், வடிசாலைகளின் பெயரறியாத எளியவரும் முத்திரையை நம்பி வாங்க வழி பிறந்தது.

1970களில் ரசனை வோட்காவின் பக்கம் திரும்ப, முதிர்ந்த பர்பன் கிடங்குகளில் தேங்கி மலிந்தது. பின்னர் அதற்கே தட்டுப்பாடு வந்தது. அந்த அடிப்படை நிபந்தனைகள் இன்றும் நிலைக்கின்றன. அவற்றுக்கு உட்பட்ட எவான் வில்லியம்ஸின் வெள்ளைச் சீட்டுப் புட்டி மலிவு வரிசையில் நிற்கிறது. அவற்றுக்கே உட்பட்டு, டெய்லரின் பெயரைத் தாங்கிய புட்டியைச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுத்துத் தேடுகிறார்கள்.