மலையாள சினிமாவின் தந்தை ஒரு அகஸ்தீஸ்வரத்துக்காரர்

மலையாள சினிமாவின் தந்தை என்று ஜே.சி.டேனியலைச் சொல்வார்கள். அவர் 1900ல் பிறந்த அகஸ்தீஸ்வரம் கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அன்றைக்கு அது திருவிதாங்கூர் சமஸ்தானம். இந்த ஊர்க் கணக்கு கடைசிக் காலத்தில் அவரைப் படுத்திய பாட்டைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மனிதருக்குக் கிறுக்கு சினிமா மேல் இல்லை. சிலம்பம், களரி மேல். பதினைந்து வயதிலேயே வாள்வீச்சு பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் போட்டவர். அந்தக் கலையை நாலு பேருக்குக் காட்ட சினிமா நல்ல வழி என்று போனவர், சினிமாவிலேயே விழுந்துவிட்டார். சென்னை, பம்பாய் என்று அலைந்து தொழிலைப் பார்த்துவிட்டு வந்து, நிலத்தை விற்று (4 லட்சம் ரூபாய் வரை என்பார்கள், அந்தக் காலத்து 4 லட்சம்!) திருவனந்தபுரத்தில் ஸ்டூடியோ தொடங்கினார். மார்க்கெட் எவ்வளவு பெரிது, போட்ட முதல் எப்போது திரும்பும் என்று எந்தக் கணக்கும் போட்டதாகத் தெரியவில்லை. எங்கள் வகுப்பில் இப்படி ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தால் முதல் பக்கத்திலேயே திருப்பித் தந்துவிடுவார்கள்.

படத்தின் பெயர் 'விகதகுமாரன்'. ஊமைப்படம். இலங்கைக்குக் கடத்தப்படும் ஒரு பையனின் கதை. மற்றவர்கள் புராணம் எடுத்துக் கொண்டிருந்தபோது இவர் சமூகக் கதையைத் தொட்டார். எழுதி, இயக்கி, கதாநாயகனாக நடித்ததும் அவரே. நாயகி பி.கே.ரோசி, ஒரு தலித் பெண். திரையில் அவர் வந்தது நாயர் பெண்ணாக. திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் படம் ஓடியபோது அதைப் பொறுக்காதவர்கள் கல்லெறிந்தார்கள். ரோசி ஊரை விட்டே ஓட வேண்டியதாயிற்று. டேனியல் ஸ்டூடியோவை இழந்தார். அதற்குப் பிறகு அவர் கதைப்படம் எதுவும் எடுக்கவில்லை. பல் வைத்தியராகத் தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் பிழைத்தார்.

வயதான காலத்தில் நலிந்த கலைஞர் உதவித்தொகை கேட்டபோது கேரள அரசு கைவிரித்தது. நீங்கள் தமிழ்நாட்டுக்காரர், அங்கே கேளுங்கள் என்றார்கள். 1956 நவம்பர் 1ல் எல்லை மாறியது, அகஸ்தீஸ்வரம் தமிழ்நாட்டோடு வந்தது, அவ்வளவுதான். தமிழ்நாட்டுக்கு அவர் மலையாளப் படம் எடுத்தவர்! சேலங்காட் கோபாலகிருஷ்ணன் என்ற சினிமா பத்திரிகையாளர் மட்டும் அவரைத் தேடி வந்து பார்த்து, விடாமல் எழுதினார். 1975ல் அகஸ்தீஸ்வரத்திலேயே டேனியல் இறந்தார். 1992ல் அவர் பெயரிலேயே கேரள அரசு விருது ஏற்படுத்தியது. 2013ல் அவர் வாழ்க்கை 'செல்லுலாய்ட்' என்று படமாக வந்தது.

விகதகுமாரனை இனி யாரும் பார்க்க முடியாது. வீட்டில் கிடந்த பிலிம் சுருளைச் சின்ன வயதில் கொளுத்தி விளையாடியது தான்தான் என்று டேனியலின் இளைய மகன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம், தீக்குச்சி பட்டால் போதும், குபீரென்று பற்றும். அப்பாவைப் பற்றிக் கேட்டு வந்தவர்களிடம் அவர் இதை மறைக்கவே இல்லை.

ரோசி எப்படி இருந்தார் என்று பார்க்கவும் அந்தச் சுருள்தான் இருந்தது.