கொடை விழா

கொடை விழா: திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்ட ஊர்களில் சுடலைமாடன், முத்தாரம்மன், இசக்கியம்மன் முதலிய நாட்டார் தெய்வங்களுக்கு ஊரார் வரி பிரித்து நடத்தும் விழா. தென்மாவட்ட நாட்டுப்புற இசைக்கும் ஆட்டத்துக்கும் இதுவே தாய்க்களம்.

குடியழைப்புச் சடங்கில் தொடங்கும் கொடையில் பகலும் இரவும் கலைகள் தொடரும். நையாண்டி மேளத்தில் நாகசுரம், தவில், பம்பை, தாளம் சேர்ந்து ஒலிக்க, கரகாட்டம் நடைபெறும்.

வில்லுப்பாட்டில் மணிகள் கட்டிய பெரிய வில்லைக் குடத்தின்மேல் பொருத்தி, புலவர் வீசுகோலால் நாணைத் தட்டிப் பாடுவார். உடுக்கை, குடம், ஜால்ரா, கட்டை ஆகியவை பக்க இசை. தெய்வத்தின் பிறப்பு முதல் கதை விரியும். உச்சக்கட்டத்தில் சாமியாடிகளுக்கு அருள் வரும். ஆகவே இங்கே பாட்டு, வழிபாட்டின் உயிரான உறுப்பு.

சுடலைமாடன் கோயில்களில் கணியான் கூத்து சிறப்பிடம் பெறும். முதன்மைப் பாடகரான அண்ணாவி பாட, உச்சம், மந்தம் என்னும் இரு மகுடப் பறைகள் முழங்க, பெண்வேடமிட்ட ஆண்கள் ஆடுவர்.

வில்லுப்பாட்டைக் கோயிலுக்கு வெளியேயும் பரப்பிய சுப்பு ஆறுமுகம் (1928–2022) 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். இன்று கொடைகளில் மெல்லிசைக் கச்சேரிகள் பெருகினாலும், சாமியழைப்புக்கு ஊரார் நாடுவது இந்த நாட்டுப்புறக் கலைஞர்களையே. அவர்களுக்குத் தகுந்த ஊதியமும் மதிப்பும் கிடைப்பதே இக்கலைகளுக்கு உண்மையான காப்பு.