தரையில் ஓடிய கப்பல்கள்

பிளாஸ்டிக் கப்பல் கிட் பார்த்திருப்பீர்கள். பெட்டிக்குள் துண்டு துண்டாக இருக்கும். பசை போட்டு ஒட்டி, பெயின்ட் அடித்து, ஷோகேஸில் வைப்பார்கள். ஆனால், மேஜைமேல் கடற்போர் விளையாடும் ஆசாமிகள் செய்கிற முதல் காரியம் என்ன தெரியுமா? கப்பலின் அடிப்பாகத்தை ரம்பத்தால் அறுத்துத் தூக்கி எறிவதுதான்! மேஜைதானே கடல்? அடிப்பாகம் இருந்தால் கப்பல் கடலுக்கு மேலே அல்லவா நிற்கும்! அப்புறம் தட்டையான பிளாஸ்டிக் அட்டையில் ஒட்டி, சுற்றிலும் அலை வரைவார்கள். கை பட்டால் ஒடிகிற கொடிமரத்தைப் பிடுங்கிவிட்டு, கம்பியைச் செருகுவார்கள்.

'வளர்ந்த மனுஷனுக்கு இது தேவையா?' என்று சிரிக்காதீர்கள். பொம்மைக் கப்பல்கள் ஒரு நாட்டின் வயிற்றையே காப்பாற்றியிருக்கின்றன.

1942 ஜனவரி. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரம். அட்லாண்டிக்கைத் தாண்டி உணவும் எண்ணெயும் கொண்டுவந்த கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் வரிசையாக மூழ்கடித்துக்கொண்டிருந்தன. எப்படி அடிக்கிறார்கள்? எப்படித் தடுப்பது? கண்டுபிடிக்கிற வேலை கில்பர்ட் ராபர்ட்ஸிடம் வந்தது. காசநோய் என்று கடற்படை ஏற்கெனவே வீட்டுக்கு அனுப்பிவிட்ட அதிகாரி அவர். துணைக்கு, கடற்படை மகளிர் பிரிவின் இளம்பெண்கள்.

டெர்பி ஹவுஸ் கட்டடத்தின் மேல்மாடியில் தரையெல்லாம் கட்டம் போட்டு, குட்டிக் குட்டி மரக் கப்பல்களை வைத்தார்கள். காவல் கப்பல் கேப்டனாக ஆடுபவர் கான்வாஸ் திரைக்குப் பின்னால் நிற்க வேண்டும். துவாரம் வழியாக, நிஜக் கடலில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் பார்க்கலாம். நீர்மூழ்கி போகும் பாதை பச்சைச் சாக்பீஸ் கோடு. அவர் நிற்கும் இடத்திலிருந்து அது தெரியவே தெரியாது.

ஆடிப் பார்த்ததில் விஷயம் வெளியே வந்தது. நீர்மூழ்கி தூரத்தில் நின்று சுடவில்லை. இரவில், பின்பக்கமாக, நீர்மட்டத்திலேயே வந்து கப்பல் கூட்டத்துக்கு நடுவில் புகுந்து சுடுகிறது! திருடன் வீட்டுக்குள், வாட்ச்மேன் தெருவில் விசில் ஊதிக்கொண்டிருந்தார்.

உடனே புது வியூகம் வகுத்தார்கள். 'ராஸ்ப்பெரி' என்று பெயர் வைத்தவர் ஜீன் லெய்ட்லா என்ற பெண். உதட்டைப் பிதுக்கி 'ப்ர்ர்ர்' என்று பழிப்புக் காட்டுவதை ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார்கள். ஹிட்லருக்குப் பழிப்பு!

பிறகு தளபதியாக வந்த அட்மிரல் மாக்ஸ் ஹார்ட்டன், முதல் உலகப் போரில் நீர்மூழ்கி ஓட்டிப் பேர் வாங்கியவர். அவரே நீர்மூழ்கியாக ஆடினார். ஐந்து ஆட்டம். ஐந்திலும் தோல்வி! ஜெயித்தது ஜேனட் ஓக்கல் என்ற இளம்பெண்.

1943 மே மாதம் மட்டும் ஜெர்மனி நாற்பதுக்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகளை இழந்தது. ரேடார், விமானம் எல்லாம் காரணம்தான். அந்தத் தரைக்கும் பங்கு உண்டு. போர் முடிவதற்குள் சுமார் 5,000 அதிகாரிகள் அங்கே பாடம் படித்திருந்தார்கள்.

ஆகவே, புதுக் கப்பல் பொம்மையின் அடியை யாராவது அறுத்தால் திட்டாதீர்கள். தண்ணீருக்கு மேலே தெரிவதை வைத்து, கீழே இருப்பதைக் கண்டுபிடிக்கப் பழகுகிறார், பாவம்!