களரியிலிருந்து வகுப்பறைக்கு: சி. மௌனகுருவின் கல்விப்பணியும் அண்ணாவியாரின் இடமும்

முன்னுரை

ஈழத்துத் தமிழ்க் கல்வியுலகில் ஆடலையே ஆய்வுமுறையாகவும் கற்பித்தல் முறையாகவும் கொண்டவர்களுள் பேராசிரியர் சி. மௌனகுரு குறிப்பிடத்தக்கவர். 1943இல் மட்டக்களப்பின் அமிர்தகழியில் பிறந்த அவர், கூத்தராகவும் ஆசிரியராகவும் ஆய்வாளராகவும் அரை நூற்றாண்டுக்கு மேல் இயங்கியுள்ளார். அப்பணியின் வழியே கூத்துக் கல்வி பல்கலைக்கழகத்தில் இடம்பெற்றபோது, அதன் மரபுவழி ஆசிரியரான அண்ணாவியாரின் நிலை என்னவாயிற்று என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பேராதனை மேடை

1956இல் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ சிங்கள நாடக உலகில் பெரும் திருப்பத்தை ஏற்படுத்தியது. அதற்கு அடிப்படையான ‘நாடகம’ வடிவம் தமிழ்க் கூத்தோடு உறவுடையது. இச்சூழலில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’ (1964) ஆகியவற்றைத் தயாரித்தார். மாணவராக இருந்த மௌனகுரு கர்ணனாகவும் இராவணனாகவும் ஆடினார்.

விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்ட கூத்து, ஒருபக்கம் மட்டும் பார்வையாளர் அமரும் மேடைக்கு ஓரிரு மணி நேர ஆற்றுகையாகச் சுருங்கியது. மாணவருக்கு ஆட்டமும் பாட்டும் பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். ஆயினும் எதை வைப்பது, எதை விடுவது என்னும் முடிவு தயாரிப்பாளரிடம் சென்றது. ஊர்க்களரியில் சட்டம் கொடுப்பது முதல் அரங்கேற்றம் வரை அண்ணாவியாருக்கிருந்த முழுமையான பொறுப்பு, இங்கு ஆட்டப் பயிற்சியளவில் நின்றது.

ஆட்டமே ஆய்வாதல்

பட்டம் பெற்றபின் மௌனகுரு ஆசிரியப் பணியில் ஈடுபட்டார். 1960களின் இறுதியில் உருவான ‘சங்காரம்’ நாடகத்தில் வடமோடி ஆட்டங்களைப் புராணக் கதைக்கன்றிச் சமூக முரண்பாட்டைக் காட்டுதற்குப் பயன்படுத்தினார். ‘தப்பி வந்த தாடி ஆடு’ போன்ற சிறுவர் நாடகங்கள் பள்ளி மாணவரை அரங்கிற்குள் கொண்டுவந்தன. மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் குறித்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அவர் நிகழ்த்திய முனைவர் பட்ட ஆய்வு 1998இல் நூலாயிற்று.

அவ்வாய்வின் வலிமை அதன் அடிப்படையில் உள்ளது. கூத்துப் பனுவலை மட்டும் படிப்பவருக்கு வடமோடி, தென்மோடி வேறுபாடு பெரும்பாலும் கதைப்பொருள் வேறுபாடாகவே தோன்றும். தாளக்கட்டுக்கு ஏற்பக் கால்வைத்துப் பழகியவருக்கோ அது உடலின் இயக்க வேறுபாடாகவும் புலப்படும். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைத் துறையை வளர்த்தபோது மாணவர்க்கும் இவ்வழியையே அவர் வகுத்தார்.

மாற்றுக் குரல்

அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ஜெயசங்கர் சீலாமுனையில் முன்னெடுத்த ‘கூத்து மீளுருவாக்கம்’ வேறொரு திசையைக் காட்டியது. கூத்தை அதன் களரியிலேயே, ஆடும் சமூகத்தாரோடு கலந்துரையாடி, சாதி, பால் சார்ந்த ஏற்றத்தாழ்வுகளைக் களைந்து புதுப்பிக்க வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. இங்கு அண்ணாவியார் தகவலாளியல்லர், முடிவெடுப்பவருள் ஒருவர்.

இவ்விரு போக்குகளையும் மரபு, நவீனம் என எதிரெதிரே நிறுத்துதல் பொருந்தாது. இரண்டுமே மாற்றத்தை ஏற்கின்றன. மாற்றும் உரிமை கலைஞனாகிய நெறியாளருக்கா, ஆடும் ஊருக்கா என்பதிலேயே அவை வேறுபடுகின்றன.

முடிவுரை

கூத்தைப் படிப்பறிவற்றோர் பொழுதுபோக்கு எனக் கருதிய கல்வியுலகில் அதனைப் பாடமாகவும் ஆய்வுப்பொருளாகவும் நிலைபெறச் செய்தமை வித்தியானந்தன், மௌனகுரு தலைமுறையின் அரும்பணி. பல்கலைக்கழகம் அண்ணாவியாரின் கற்பித்தல் முறையை ஏற்றுக்கொண்டது. ஆனால் அவரது ஆசிரியத் தகுதியை அதே அளவில் ஏற்கவில்லை. கலைவழிக் கல்வியை முன்னெடுக்கும் தமிழகத் துறைகளும் பாடத்திட்டம் வகுக்கும்போதும் ஆய்வேட்டில் அறிவின் உரிமையைப் பதியும்போதும் மரபுக் கலைஞரின் இடத்தைத் தெளிவாக வரையறுத்தல் வேண்டும் என்பதையே இவ்வரலாறு உணர்த்துகிறது.