அமினோ அசைல் டி.ஆர்.என்.ஏ சிந்தடேசு

அமினோ அசைல் டி.ஆர்.என்.ஏ சிந்தடேசு என்பது புரதத் தொகுப்பின்போது ஓர் அமினோ அமிலத்தை அதற்குரிய டி.ஆர்.என்.ஏ மூலக்கூறுடன் இணைக்கும் நொதி ஆகும். பொதுவாக 20 அமினோ அமிலங்களுக்கும் தனித்தனி நொதிகள் உண்டு. சில பாக்டீரியாக்களில் இவற்றுள் ஓரிரண்டு இருப்பதில்லை. இந்நொதி முதலில் ஏ.டி.பி-யைக் கொண்டு அமினோ அமிலத்தைக் கிளர்வூட்டுகிறது. பின்னர் அதனை டி.ஆர்.என்.ஏ-வின் முனையில் ஏற்றுகிறது.

முக்கியத்துவம்

ரைபோசோம், டி.ஆர்.என்.ஏ-வின் எதிர்க்கோடான் செய்தி ஆர்.என்.ஏ-வின் கோடானுடன் பொருந்துகிறதா என்றே பார்க்கிறது; ஏற்றப்பட்டுள்ள அமினோ அமிலம் சரியானதா என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை. 1962 இல் சாப்வில் குழுவினர் இதனை மெய்ப்பித்தனர். டி.ஆர்.என்.ஏ-வில் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருந்த சிசுட்டீனிலிருந்து கந்தகத்தை நீக்கி, அதனை அலனினாக மாற்றினர். சிசுட்டீன் சேரவேண்டிய இடங்களில் அலனின் சேர்ந்தது. எனவே மரபுக் குறிமொழியை உண்மையில் மொழிபெயர்ப்பது இந்நொதியே எனலாம்.

அமினோ அமிலத்தை இனங்காணல்

தைரோசின் நொதியின் பணி எளிது. பினைல்அலனினில் இல்லாத ஐதராக்சில் தொகுதியைக் கொண்டே அது தைரோசினைப் பிரித்தறிகிறது. ஐசோலியூசின் நொதிக்கோ இது கடினம். வேலின், ஐசோலியூசினைவிட ஒரே ஒரு மெத்திலீன் தொகுதி குறைந்தது. ஆதலால் ஐசோலியூசினுக்கான குழியில் அதுவும் நுழைந்துவிடும். இத்தகைய சிறு வேறுபாட்டைப் பிணைப்பு வலிமையால் மட்டும் நன்கு பிரித்தறிய இயலாது என்று லைனசு பாலிங் 1957 இல் சுட்டிக்காட்டினார். ஆனால் புரதத்தில் காணப்பட்ட பிழை ஏறத்தாழ 3000 இல் ஒன்று மட்டுமே.

இதற்கான விளக்கத்தை ஆலன் பெர்சுட் 1977 இல் முன்வைத்தார். இது இரட்டைச் சல்லடை எனப்படும். முதல் குழி, ஐசோலியூசினைவிடப் பெரியவற்றை விலக்குகிறது. நொதியின் வேறொரு பகுதியில் உள்ள இரண்டாம் குழி ஐசோலியூசின் நுழைய முடியாத அளவு சிறியது; அங்கு நுழையும் வேலின் நீராற்பகுக்கப்பட்டு வெளியேறுகிறது. அதாவது, சரியான பொருள் தப்புவது அது பொருந்தாததால்தான். 1998 இல் வெளியான படிக அமைப்பு இவ்விரு குழிகளையும் காட்டியது.

திரியோனின் நொதி வேறு வழியைக் கையாள்கிறது. வேலினும் திரியோனினும் வடிவில் ஏறக்குறைய ஒன்றே. நொதியிலுள்ள துத்தநாக அயனி, திரியோனினின் ஐதராக்சில் தொகுதியைப் பற்றிக்கொள்கிறது. அத்தொகுதி இல்லாத வேலின் விலக்கப்படுகிறது. செரினில் அத்தொகுதி இருப்பதால் அது உள்ளே புகுந்துவிடும். அதனைப் பின்னர் திருத்தக் குழி நீக்குகிறது.

டி.ஆர்.என்.ஏ-வை இனங்காணல்

மெத்தியோனின் நொதி முதன்மையாக எதிர்க்கோடானைப் பார்க்கிறது. செரினுக்கு ஆறு கோடான்கள் உள்ளன. அவற்றுக்குரிய எதிர்க்கோடான்களில் பொதுக்கூறு இல்லை. ஆகவே செரின் நொதி, டி.ஆர்.என்.ஏ-வின் நீண்ட மாறும் கையைப் பற்றுகிறது. அலனின் நொதியும் எதிர்க்கோடானைப் பொருட்படுத்துவதில்லை. மூன்றாம் இடத்துக் குவானினும் 70 ஆம் இடத்து யுராசிலும் அமைக்கும் ஒற்றை இணையே அதற்கு அடையாளம். இவ்விணையை வேறு டி.ஆர்.என்.ஏ-க்களில் புகுத்தியபோது அவையும் அலனினை ஏற்றன என்று ஹௌ, சிம்மல் ஆகியோர் 1988 இல் காட்டினர்.

பிழையின் விளைவு

அலனின் நொதியின் திருத்தும் பகுதியில் ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறிய எலிகளில், சிறுமூளையின் புர்கின்சி உயிரணுக்கள் அழிவது 2006 இல் கண்டறியப்பட்டது. அலனினுக்குரிய டி.ஆர்.என்.ஏ-வில் தவறி ஏறிய செரின் முழுமையாக நீக்கப்படாததால், தவறாக மடிந்த புரதங்கள் அவ்வுயிரணுக்களில் சேர்கின்றன.

மருத்துவப் பயன்

தோல் தொற்றுக்குப் பூசப்படும் மியூபிரோசின் என்னும் எதிருயிரி, பாக்டீரியாவின் ஐசோலியூசின் நொதியைத் தடுக்கிறது. மனித நொதியுடன் அது வலுவாகப் பிணைவதில்லை.